ஒலியும் ஒளியும்

ஒலியும் ஒளியும் என்பது சென்னைத் தொலைக்காட்சி நிலையம் வெள்ளிக்கிழமை மாலைகளில் ஒளிபரப்பிய தமிழ்த் திரைப்படப் பாடல் நிகழ்ச்சியாகும். இந்நிலையம் ஆகஸ்ட் 15, 1975 அன்று தொடங்கப்பட்டது. இந்தியில் ஒளிபரப்பான சித்ரஹார் இதையொத்த நிகழ்ச்சியாகும்.

வானொலியில் கேட்க மட்டுமே முடிந்த பாடல்களைத் திரையரங்குக்குச் செல்லாமலேயே காண இது வழி செய்தது. கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரத்தின் வழியாக விருதுநகர் உள்ளிட்ட தென்மாவட்டங்களையும் சென்னை நிகழ்ச்சிகள் எட்டின. தொலைக்காட்சிப் பெட்டி இல்லாதோர் அண்டை வீடுகளிலும் ஊராட்சிக் கட்டடங்களிலும் கூடிப் பார்த்தனர். மின்தடையால் தவறவிட்டால் அடுத்த வெள்ளி வரை காத்திருக்க வேண்டும்.

1993 இல் சன் தொலைக்காட்சியும் 2004 இல் முழுநேரப் பாடல் அலைவரிசையான சன் மியூசிக்கும் தொடங்கப்பட்டபின் பாடல்கள் எந்நேரமும் கிடைத்தன. வாரம் ஒருமுறை ஊரே ஒன்றாகக் காத்திருந்த வழக்கம் மறைந்தது. இந்நிகழ்ச்சி இன்றும் நினைவுகூரப்படுவதற்கு அக்காத்திருப்பே முதன்மைக் காரணம் எனலாம்.