வரவேற்பு மேசையின் ஆங்கிலம்

நம் ஊரில் ஒருவர் 'ஓட்டலுக்குப் போய் வருகிறேன்' என்றால், இட்லி காப்பி முடித்து அரைமணியில் திரும்பிவிடுவார் என்று பொருள். இலண்டனிலிருந்து வந்தவர் அதே சொல்லைச் சொன்னால் அவர் படுக்க இடம் தேடுகிறார் என்று பொருள். படுக்கும் இடத்துக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர் 'லாட்ஜ்'. ஆங்கிலேயருக்கோ லாட்ஜ் என்பது மாளிகை வாயிலில் காவற்காரர் குடியிருக்கும் சிறு வீடு. அல்லது வேட்டைக்குப் போகிறவர்கள் தங்கும் வீடு. 'மேன்ஷன்' அவர்களுக்குச் செல்வர் மாளிகை. திருவல்லிக்கேணியில் மேன்ஷன் என்றால் வேலை தேடி வந்த பிரமச்சாரிகள் ஓர் அறையைப் பங்கிட்டுக்கொண்டு குடியிருக்கும் கட்டடம்! ஆக, கடல் கடந்து வந்த சொற்கள் நம்மிடம் வேறு பிழைப்பைத் தேடிக்கொண்டுவிட்டன.

நான் வரலாறு மூன்றாம் ஆண்டு மாணவன். இரண்டு ஆண்டுகளாகத் தஞ்சையில் ஒரு விடுதியின் வரவேற்பு மேசையில் இரவுப் பணி பார்த்து வருகிறேன். பெரிய கோயிலைக் காண வரும் வெளிநாட்டார் பலர் அங்கே தங்குவதுண்டு. அண்மையில் எங்கள் விடுதிக்கு ஆள் தேவைப்பட்டது. வகுப்பில் சொன்னேன், ஐந்து பேர் ஆர்வமாகக் கேட்டார்கள். 'இங்கிலீஷ் பேசணுமாடா?' என்று ஒருவன் கேட்டான். 'கொஞ்சம்' என்றேன். நேர்முகத் தேர்வுக்கு வந்தவன் ஒருவனே. எஞ்சிய நால்வரை மனத்திற்கொண்டே இதனை எழுதுகிறேன். ஷேக்ஸ்பியரைப் படிக்க வேண்டிய ஆங்கிலம் வேறு. மேசைக்குப் பின்னால் நிற்க வேண்டிய ஆங்கிலம் வேறு. பின்னது நூறு சொற்களுக்குள் அடங்கிவிடும். அவற்றிலும் பாதி நமக்கு ஏற்கெனவே தெரிந்தவை. தெரிந்தவற்றில்தான் சிக்கல்.

'காட்' என்பதையே எடுத்துக்கொள்வோம். கூட ஒருவர் வந்தால் 'எக்ஸ்ட்ரா காட்' போடட்டுமா என்று கேட்பது நம் வழக்கம். பிரிட்டனில் காட் என்பது கைக்குழந்தையைப் படுக்க வைக்கும் தடுப்புக் கட்டில். ஆறடி உயரக் கணவரை அருகில் வைத்துக்கொண்டு நிற்கும் அம்மையாரிடம் அப்படிக் கேட்டால் அவர் திகைக்கத்தானே செய்வார்? 'எக்ஸ்ட்ரா பெட்' என்றால் எல்லார்க்கும் விளங்கும். வேடிக்கை என்னவென்றால், காட் என்னும் சொல்லை ஆங்கிலேயர் இந்தியாவிலிருந்தே கொண்டுபோனார்கள். இந்தியின் 'காட்' வழியாகச் சென்ற அச்சொல்லின் பழைய வேர் நம் 'கட்டிலோடு' தொடர்புடையது என்று கருதும் அகராதியாளரும் உண்டு.

அடுத்தது 'டபிள்' அறைக்கும் 'ட்வின்' அறைக்கும் உள்ள வேறுபாடு. இரண்டுமே இருவர்க்குரியவைதாம். முன்னதில் ஒரே அகலக் கட்டில்; பின்னதில் தனித்தனியே இரண்டு. ஆய்வுக்காக ஒன்றாகப் பயணம் செய்யும் இரு பேராசிரியர்களுக்கு எதைத் தர வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை. பல அறைகள் சேர்ந்த பெரிய இருப்பிடத்துக்கு 'ஸ்வீட்' என்று பெயர். எழுத்தைப் பார்த்து 'சூட்' என்று படிப்போர் உளர். அது கோட்டு சூட்டு ஆகிவிடும். மாடிக் கணக்கிலும் கவனம் வேண்டும். தரைத்தளத்துக்கு மேலுள்ளதே பிரிட்டிஷாருக்கும் நமக்கும் 'ஃபர்ஸ்ட் ஃப்ளோர்'. அமெரிக்கர் பெரும்பாலும் தரைத்தளத்தையே அப்படிச் சொல்வர்.

சாப்பாட்டுத் திட்டங்களை வாடகைப் பட்டியலில் முதலெழுத்துகளாகப் போட்டிருப்பார்கள். இ.பி. என்றால் ஐரோப்பியத் திட்டம், அறை மட்டும். சி.பி. என்றால் காலைச் சிற்றுண்டியும் சேர்த்து. ஏ.பி. என்னும் அமெரிக்கத் திட்டத்தில் மூன்று வேளையும் உண்டு. எம்.ஏ.பி. என்றால் காலை உணவோடு மதியமோ இரவோ ஒரு வேளை. நம் பழைய பெயர்ப்பலகைகளில் காணும் 'போர்டிங் அண்டு லாட்ஜிங்' என்பதிலும் இதே கணக்குத்தான். போர்டு என்றால் பலகை; பலகை உணவு மேசையாகி, பிறகு அதன்மேல் பரிமாறும் உணவுக்கே பெயராயிற்று. நாம் இலை என்று சாப்பாட்டைக் குறிப்பதில்லையா, அதுபோல.

'செக் அவுட்' நேரத்தை மட்டும் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நம் சிறு விடுதிகள் பலவற்றில் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். பெரிய விடுதிகளில் நண்பகல் 12 மணியோடு நாள் முடிந்துவிடுவது வழக்கம். விடியற்காலை 5 மணி இரயிலில் வந்து இறங்குகிற குடும்பத்துக்கு இந்த வேறுபாடு ஒரு நாள் வாடகை. ஆங்கிலம் அறியாதவர் பலகையைப் படித்திருப்பார் என்று நாம் எண்ணிக்கொண்டு கையொப்பம் வாங்குவது முறையன்று.

எல்லாவற்றிலும் கடினமானது பெயர். 'வாட் இஸ் யுவர் குட் நேம்?' என்று கேட்பது இந்தியின் 'சுப நாம்' என்பதை ஆங்கிலத்தில் சொல்வது. வெளிநாட்டார் புன்னகை செய்வர். எனக்கு என்னவோ அந்தக் கேள்வி பிடிக்கும். ஆயினும் 'மே ஐ ஹேவ் யுவர் நேம், ப்ளீஸ்' என்பதே பொதுவழக்கு. உண்மையான தொல்லை நம்மவர்க்குத்தான். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முதலெழுத்துத்தான். முன்பதிவுப் படிவமோ 'லாஸ்ட் நேம்' கேட்கிறது. மகன் வெளிநாட்டிலிருந்து கணினி வழியாகத் தந்தைக்கு அறை பதிவு செய்கிறான். அந்த இடத்தில் தாத்தாவின் பெயரை இடுகிறான். ஓர் ஊரில் இரவு 11 மணிக்கு ஒரு பெரியவரை, 'முருகேசன் என்ற பெயரில் பதிவு இல்லை' என்று திருப்பியனுப்பப் பார்த்தார்களாம். அவரே என்னிடம் சொன்னார். பட்டியலில் 'மிஸ்டர் சுப்பிரமணியன்' இருந்திருக்கிறது. 'அது எங்கப்பா பேரு தம்பி. அவர் போய்ப் பத்து வருஷம் ஆச்சு. அவருக்கு ரூம் இருக்கு, எனக்கு இல்லேங்கிறாங்க' என்றார். அன்றுமுதல் இரண்டு பெயரிலும் தேடிப் பார்த்த பிறகே நான் 'இல்லை' என்பேன்.

இல்லை என்பதையும் ஆங்கிலத்தில் சுற்றித்தான் சொல்ல வேண்டும். 'நோ ரூம்' என்பது முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். 'ஐ ஆம் அஃப்ரெய்ட் வி ஆர் ஃபுல்லி புக்டு' என்பார்கள். புதிதாகச் சேர்ந்த நண்பன், 'நாம எதுக்குடா பயப்படணும்?' என்று கேட்டான். இங்கே அச்சமில்லை, வருத்தந்தான். எங்கள் மேலாளர் தமிழில் இதையே செய்வார்: 'அடடா, இப்பத்தான் கடைசி ரூம் போச்சுங்க. உட்காருங்க, பக்கத்துல கேட்டுச் சொல்றேன்.'

பதிவு செய்தும் வராதவருக்கு 'நோ ஷோ' என்று பெயர். அப்படிச் சிலர் வரமாட்டார்கள் என்று கணக்குப்போட்டு, இருக்கும் அறைகளைவிட அதிகமாகப் பதிவு செய்வது 'ஓவர் புக்கிங்'. கணக்குத் தப்பி எல்லாரும் வந்து நின்றால் ஒருவரை வேறு விடுதிக்கு அனுப்பியாக வேண்டும். அதற்கு 'வாக்கிங் எ கெஸ்ட்', விருந்தினரை நடத்துதல் என்று தொழில்மொழியில் பெயர். பெயர் அப்படியிருந்தாலும் யாரும் நடக்க வேண்டியதில்லை. டாக்சிப் பணத்தையும் அன்றிரவு வாடகையையும் முதல் விடுதியே ஏற்பது பெரிய விடுதிகள் பலவற்றின் வழக்கம். எங்கள் விடுதியில் இப்போதைக்கு ஆட்டோக் கூலி மட்டும் தருகிறோம்.