மேகம் என்னும் போர்வை!

குட்டீஸ்... டிசம்பர், ஜனவரி மாதங்களில் வானிலை அறிக்கையைக் கவனித்திருக்கிறீர்களா? நீலகிரி மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இரவு நேரத்தில் உறைபனி ஏற்பட வாய்ப்பு இருப்பதாகச் சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் அறிவிக்கும். மறுநாள் காலை, உதகமண்டலத்தில் புல்வெளி எல்லாம் உப்பைக் கொட்டியது போல வெள்ளை வெளேர் என்று இருக்கும் படம் செய்தித்தாளில் வந்துவிடும்.

சுற்றுலா வந்தவர்களுக்கு அது கொண்டாட்டம். தேயிலை, உருளைக்கிழங்கு பயிரிட்டவர்களுக்கோ அது பெரிய கவலை. இலைக்குள் இருக்கும் நீர் உறைந்தால், அந்தப் பனிக்கட்டி இலையின் செல்களைச் சிதைத்துவிடும். வெயில் ஏறியதும் இலை கருகிப் போகும். தேயிலைச் செடி மறுபடியும் துளிர்விடப் பல வாரங்கள் ஆகும். அதுவரை பறிக்க இலை ஏது?

அதனால்தான் உறைபனிக் காலத்தில் மாலையானதும் விவசாயிகள் வானத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள் தேடுவது மேகத்தை! மேகம் இருந்தால் நிம்மதி. வானம் பளிச்சென்று இருந்தால் பயம். ஏன் தெரியுமா?

பனி பெய்வதில்லை!

இமயமலையில் பெய்யும் பனி, மேகத்திலிருந்து விழுகிறது. உதகையின் உறைபனி அப்படி அல்ல. அது வானத்திலிருந்து விழுவதே இல்லை, தரையிலேயே உண்டாகிறது.

பகல் முழுவதும் தரை வெயிலை வாங்கிச் சூடாகிறது. இரவில் அந்த வெப்பத்தை வானத்தை நோக்கி அனுப்பிவிடுகிறது. மேகம் இருந்தால், அது அந்த வெப்பத்தை வாங்கி, ஒரு பகுதியைத் தரைக்கே திருப்பி அனுப்பும். நாம் போர்த்திக்கொள்ளும் கம்பளி போலத்தான்! மேகம் இல்லாவிட்டால் போர்வை இல்லாமல் தூங்குவது மாதிரி, தரை வெடவெடவென்று குளிர்ந்துவிடும்.

அப்போது காற்றில் உள்ள ஈரம், குளிர்ந்த புல்லின் மேல் துளித்துளியாகப் படிந்தால் அது நீர்ப்பனி. புல் 0 டிகிரி செல்சியஸுக்கும் கீழே குளிர்ந்துவிட்டால், ஈரம் நீராக மாறாமலேயே பனிப்படிகமாகப் படியும். அதுதான் உறைபனி.

போர்வையில் எத்தனை வகை?

எல்லா மேகமும் ஒரே மாதிரி போர்வை அல்ல. 1802ஆம் ஆண்டு, லண்டனில் மருந்துத் தொழில் செய்துவந்த லூக் ஹோவார்டு என்பவர், மேகங்களைத் தோற்றத்தை வைத்து வகை பிரித்து லத்தீன் பெயர்கள் சூட்டினார். அவற்றை அடிப்படையாகக் கொண்ட பெயர்களைத்தான் இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள். உதகை வானத்தில் அவற்றைப் பார்ப்போமா?

கீற்று மேகம் (சிர்ரஸ்): மிக உயரத்தில், இறகு போல மெல்லியதாக இருக்கும். முழுக்கப் பனித்துகள்களால் ஆனது. வெப்பத்தை அதிகம் தடுக்காது. இது கிழிந்த போர்வை!

திரள் மேகம் (குமுலஸ்): பஞ்சுப் பொதி போலக் குவிந்திருக்கும். வெயிலில் சூடான காற்று மேலே எழுவதால் உண்டாகிறது. சின்னத் திரள் மேகங்கள் பொழுது சாய்ந்ததும் கரைந்துவிடும். மதியம் இதைப் பார்த்து நம்பினால் இரவில் ஏமாற்றம்தான்.

படை மேகம் (ஸ்ட்ராடஸ்): தாழ்வாக, சாம்பல் நிறத்தில் வானம் முழுவதும் விரித்த ஜமுக்காளம் போல இருக்கும். நல்ல கனமான போர்வை. உதகை கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால், இந்த மேகம் சில நாட்களில் தெருவுக்கே வந்துவிடும். அதைத்தான் மூடுபனி என்கிறோம்.

கார்ப்படை மேகம் (நிம்போஸ்ட்ராடஸ்): இருண்டு, விடாமல் மழை தரும். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகி, அதன் மேகக் கூட்டம் நீலகிரியை மூடினால், அந்த இரவுகளில் உறைபனி பயம் இல்லை. மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, வறண்ட குளிர்காற்று வந்ததும் பயம் திரும்பும்.

ஏன் 'ஓரிரு இடங்களில்'?

குளிர்ந்த காற்று கனமானது. காற்று வீசாத இரவில் அது சரிவில் இறங்கி, தண்ணீர் போலப் பள்ளங்களில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் வீட்டு வாசலில் வெறும் நீர்ப்பனி இருக்க, கீழே பள்ளத்து மைதானம் வெள்ளையாகிவிடும். காற்று வீசினாலோ, மேலே உள்ள சற்று வெதுவெதுப்பான காற்று கீழே கலந்து உறைபனியைத் தடுக்கும்.

இன்னொரு விந்தை... வானிலை நிலையத்தின் தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டும் நாளில்கூடப் புல்லில் பனி உறையலாம்! தெர்மாமீட்டர் சுமார் 4 அடி உயரத்தில், பெட்டிக்குள் இருக்கிறது. திறந்தவெளியில் இருக்கும் புல் அதைவிடக் குளிர்ந்துவிடும்.

எச்சரிக்கை முன்கூட்டியே கிடைத்தால் செடிகளைக் காப்பாற்றலாம். உதகையில் மாலையிலேயே தழைகளால் செடிகளை மூடுவார்கள். வானம் மறந்த போர்வையை மனிதர்கள் போர்த்துகிறார்கள்! விடியும் முன் தண்ணீர் தெளித்து, இலையில் படிந்த பனியைக் கரைப்பதும் உண்டு.

நீங்களும் சொல்லலாம் முன்னறிவிப்பு!

உங்கள் ஊரில் உறைபனி வராது. ஆனால், மார்கழியில் நீர்ப்பனி வருமே! இரவில் ஒரே மாதிரியான இரண்டு எவர்சில்வர் தட்டுகளை எடுங்கள். ஒன்றை மொட்டைமாடியில் திறந்தவெளியில் வையுங்கள். மற்றொன்றை அதே மாடியில் கூரைக்குக் கீழே வையுங்கள். வெயில் வரும் முன் எழுந்து பாருங்கள். எதில் ஈரம் அதிகம்? கூரைக்குக் கீழே உள்ள தட்டில் ஈரம் குறைவாக இருந்தால், மேகத்தின் வேலையை அங்கே கூரை செய்திருக்கிறது என்று பொருள்.

பத்து நாட்கள் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: இரவு படுக்கும் முன் என்ன மேகம், காற்று வீசியதா, காலையில் தட்டில் ஈரம் இருந்ததா? பதினோராவது நாள் இரவு வானத்தைப் பார்த்து, "நாளைக்குப் பனி இருக்கும்" அல்லது "இருக்காது" என்று அம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். சொன்னது பலித்ததா என்று காலையில் தட்டு சொல்லிவிடும்!