சரக்குக்கு முன்னே போகும் தாள்

தம்பின் வட்டாரத் தோட்டங்களில் பால் மரம் வெட்டியவர்களுக்கு ஒரு கணக்கு நன்றாகத் தெரியும். வாளிப் பால் நிறுக்கப்பட்டு கிராணியின் புத்தகத்தில் ஏறினால்தான் சம்பளத்தில் வரும். ஏறாத பால், வெட்டாத பாலுக்குச் சமம். அரசாங்கத்துக்குச் சாமான் விற்பதும் ஏறக்குறைய இப்படித்தான்.

தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர் இன்று சொந்தத் தொழில் தொடங்கி, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் சாமான் கொடுக்கும் குத்தகை எடுக்கிறார்கள். அவர்களுக்குக் கைமாற்றுக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் தாய் தகப்பன்மாரும் இதைக் கேட்பது நல்லது.

லாரி புறப்படுமுன் விற்பவர் வாங்குபவருக்கு அனுப்பும் பட்டியலே சரக்கு முன்னறிவிப்பு. எந்த ஆர்டர், என்ன சாமான், எத்தனை, எந்தப் பெட்டிக்குள் எது, என்றைக்கு வந்து சேரும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கல்யாணத்துக்கு வரும் உறவினர், இத்தனை பேர், இந்த ரயில் என்று முன்னாலேயே கடிதம் போடுவதில்லையா, அது போல.

இந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன நடக்கும்? 1990-91 வளைகுடாப் போரின்போது அமெரிக்க இராணுவம் ஏறத்தாழ 40,000 கண்டெய்னர்களை அனுப்பியது. உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாமல், பாதிக்கு மேற்பட்டவற்றைத் திறந்து பார்க்க வேண்டியதாயிற்று. கேட்ட சாமான் வரவில்லை என்றெண்ணி, அதையே மறுபடியும் கேட்டு எழுதினார்கள். சாமானோ பக்கத்திலேயே கிடந்தது!

பட்ட பிறகு புத்தி வந்தது. அந்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2005இல் ஒரு விதி கொண்டுவந்தது. குறிப்பிட்ட சில சரக்குகளின் பெட்டிகளில், வானொலி அலையால் படிக்கக்கூடிய சிறு வில்லையைக் குத்தகையாளர் ஒட்ட வேண்டும். வில்லையின் எண்ணைச் சரக்கு புறப்படுமுன்பே மின்வழியில் அறிவிக்கவும் வேண்டும். பெட்டி வந்ததும் கருவி அந்த எண்ணைப் படித்து, முன்பே வந்த பட்டியலோடு ஒப்பிடும்.

நம் நாட்டில் இவ்வளவு கெடுபிடி இல்லை. நிதியமைச்சில் பதிந்துகொண்ட வியாபாரிக்கு ஈபெரோலேஹான் என்ற கணினி முறையில் ஆர்டர் வருகிறது. டி.ஓ. என்று நாம் சொல்லும் ஒப்படைப்புச் சீட்டும் இன்வாய்ஸும் அதன் வழியே போகின்றன. பத்திரங்கள் முழுமையாகக் கிடைத்த 14 நாளுக்குள் பணம் கொடுக்கப்பட வேண்டும் என்பது கருவூல விதி. ‘முழுமையாக’ என்பதைக் கவனியுங்கள்.

ஓர் இளைஞருக்கு 40 நாற்காலிக்கு ஆர்டர் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 38தான் தயார். மீதியை நாளைக்குக் கொடுத்துவிடலாம் என்று டி.ஓ.வில் 40 என்றே எழுதிவிடுகிறார். பள்ளியில் எண்ணிப் பார்ப்பவர் கையெழுத்துப் போடுவாரா? மாட்டார். 14 நாள் கணக்கே தொடங்காது. லாரி வாடகையும் நாற்காலிக் கடனும் மட்டும் காத்திருக்காது.

38 என்றே எழுத வேண்டும். குறைகிற இரண்டைப் பற்றி முதல் நாளே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். சரக்கைப் பெறுபவர் யார், பள்ளி விடுமுறையா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். வாங்கியவரின் பெயரும் தேதியும் முத்திரையும் பதிந்த நகலை லாரி ஓட்டுநரிடம் விட்டுவிடாமல், அன்றே வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.