கோடையும் தறிக்கூடமும்

அக்கினி நட்சத்திர நாட்களில் நம் பொதட்டூர்பேட்டையை அடுத்த திருத்தணியில் வெப்பம் 40 டிகிரி செல்சியசைத் தாண்டுவது வழக்கம். 2024-ஆம் ஆண்டில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவே அறிவித்தது.

வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். காற்றோட்டமற்ற தறிக்கூடத்தில் அது எளிதில் உலராது. ஆகவே நெசவு செய்யும் நம் பெற்றோர், தாகம் எடுக்கும்வரை காத்திராமல் உப்பிட்ட மோரோ நீராகாரமோ அடிக்கடி பருகவேண்டும். தலைசுற்றலும் தசைப்பிடிப்பும் முதல் எச்சரிக்கை. உடனே தறியை நிறுத்தி நிழலில் இளைப்பாறவேண்டும்.

உடல் அனலாகிப் பேச்சுக் குழறி நினைவு தடுமாறினால், அது உயிருக்கே ஆபத்தான வெப்பத்தாக்கு. அப்போது மோர் உதவாது. வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108-ஐ அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை உடல் முழுவதும் தண்ணீரால் நனைத்து விசிறுவோம். தறி காத்திருக்கும், உயிர் காத்திராது.