இயந்திரத்தால் காயமுறும் வேலையாட்களும் மிராசுதாரர்களின் பொறுப்பும்

விழுப்புரம், திண்டிவனம் தாலூகாக்களில் மணிலாக்கொட்டை உடைப்பதும், கதிரடிப்பதும், மாட்டுத்தீனி நறுக்குவதும் பல கிராமங்களில் இயந்திரங்களைக் கொண்டே நடைபெறுகின்றன. இவற்றை வாங்கும் மிராசுதாரர் விலையையும் எண்ணெய்ச் செலவையும் கணக்கிடுகின்றாரேயன்றி, வேலையாளின் கை அதில் அகப்பட்டுக்கொண்டால் தமக்கு நேரிடும் பொறுப்பைக் கணக்கிடுவதில்லை.

1923-ம் வருஷத்திய தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் 1924-ம் வருஷம் ஜூலை மாதம் 1-ந் தேதி அமுலுக்கு வந்தது. அதன் ஏற்பாடுகள் சிற்சில மாறுதல்களுடன் 2020-ம் வருஷத்திய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. இது ஆலைத் தொழிலாளருக்கே உரியதென்று குடியானவர்கள் எண்ணுவது தவறு. டிராக்டராலோ, நீராவி, மின்சாரம் முதலிய சக்தியால் ஓடும் பிற கருவிகளாலோ நடைபெறும் விவசாயத்தில் வேலை செய்வோர் ஷை சட்டத்தின் அட்டவணையில் அடங்குவர். வெடிமருந்து வைத்துத் தோண்டும் வேலையும், சுமார் 12 அடிக்கு மேற்பட்ட ஆழத்திற்குத் தோண்டும் வேலையும் அதில் கண்டுள்ளமையால், கிணறு வெட்டுவோரும் இதனைக் கவனித்தல் நலம்.

ஈட்டுத்தொகை சிறிதென்று எண்ணலாகாது. நாற்பது வயதுள்ள வேலையாளின் மாதக்கூலி ரூ. 10,000 என்று வைத்துக்கொள்வோம். அவ்வயதிற்குச் சட்டத்தில் கண்ட பெருக்கெண் 184.17. வேலையாள் இறந்துவிட்டால், கூலியில் பாதியாகிய ரூ. 5,000-ஐ அதனால் பெருக்க, ரூ. 9,20,850 ஆகின்றது. கட்டைவிரல் மட்டும் துண்டிக்கப்பட்டால் சம்பாதிக்கும் சக்தியில் நூற்றுக்கு 30 பங்கு போயிற்று என்பது கணக்கு. அப்போது கூலியில் நூற்றுக்கு 60 பங்கை, அதாவது ரூ. 6,000-ஐ, ஷை எண்ணால் பெருக்கி, அதில் நூற்றுக்கு 30 எடுக்க வேண்டும். அது ரூ. 3,31,506. ஓர் ஏக்கர் மணிலா சாகுபடியின் லாபம் இதற்கு எம்மாத்திரம்? அஜாக்கிரதையாகத் தானே கையை விட்டுக்கொண்டார் என்று சொல்வதும் செல்லாது.

விபத்து நேர்ந்தபின் பஞ்சாயத்தார் கூடி, ஒரு தொகையைக் கொடுத்து, இனி எவ்வித பாத்தியமும் இல்லையென்று எழுதி வாங்கும் வழக்கமுண்டு. இதில் கிராம அதிகாரிகளும் சாட்சிக் கையெழுத்திடுகின்றனர். உரிமையை விட்டுக்கொடுக்கும் அத்தகைய காகிதம் சட்டப்படி செல்லாது. மரணம் நேர்ந்தால் ஈட்டுத்தொகையை உரிய அதிகாரியிடமே செலுத்த வேண்டும். விதவையின் கையில் நேரே கொடுத்தது ஈடாகக் கொள்ளப்படாது. மூன்று மாதக் கூலிக்கு மேற்படாத முன்பணம் மட்டும் கழிக்கப்படும். ஈடு சேரவேண்டிய நாளிலிருந்து ஒரு மாதத்திற்குள் செலுத்தாவிடில் வட்டியும், தக்க காரணமின்றேல் அபராதமும் சேரும்.

பாங்கியில் வருஷத்திற்கு ரூ. 20 கட்டிப் பெறும் விபத்து இன்ஷ்யூரன்ஸை வேலையாளுக்கு எடுத்துக் கொடுத்தாயிற்றென்று சிலர் நிம்மதியாயிருக்கின்றனர். அது நல்ல காரியமே. எனினும் அது வேலையாளின் சொந்தப் பாலிஸி. மிராசுதாரரின் பொறுப்பை அது தீர்க்காது. அதற்கு முதலாளியின் பொறுப்பை ஏற்கும் தொழிலாளர் நஷ்ட ஈட்டுப் பாலிஸியைப் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளில் தனியே பெறவேண்டும். பிரீமியம், கொடுக்கப்படும் கூலியையும் வேலையின் அபாயத்தையும் பொறுத்தது. அறுவடைக் காலத்தில் கூடுதலாக அமர்த்தப்படுவோரையும் சேர்த்துத் தெரிவித்து, அவர்களுடைய கூலியை நாள்தோறும் கணக்குப் புத்தகத்தில் பதிந்து வருதல் வேண்டும்.