மலை ஏற மாடிப்படியே போதும்!

எங்கள் காரைக்காலில் மேடு என்று பார்த்தால் வீட்டு மாடிதான். 62 வயது மாமியாரோ, "திருப்பதிக்கு அலிபிரியிலேர்ந்து நடந்தே ஏறணும்மா, வேண்டுதல்" என்றார். எனக்குப் பகீரென்றது. ஒன்பது கிலோ மீட்டர், 3,550 படி! 60 வயதைத் தாண்டியவர்கள் நடந்து வருவதைத் தவிர்க்கும்படி தேவஸ்தானமே 2024-ல் சொல்லியிருந்தது. "வேணாம் அத்தை" என்றதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மனசு கேட்காமல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இதயம், பிரஷர், சர்க்கரை எல்லாம் பார்த்துவிட்டு, "மூணு மாசம் பழகிட்டுப் போங்க" என்றார். காலையில் கடற்கரையில் நடை, மாலையில் மாடிப்படி பத்து தடவை.

ஸ்ரீவாரிமெட்டு வழி 2,388 படிதான், ஆனால் செங்குத்து. அலிபிரி நீளம் என்றாலும், காலி கோபுரம் தாண்டினால் நெடுந்தூரம் சமதரை. அதனால் அதையே முடிவு செய்தோம். 'முடியலேன்னா திரும்பிடணும், கௌரவம் பார்க்கக் கூடாது' என்று முன்பே பேசிக்கொண்டோம். பைகளை அடிவாரத்தில் ஒப்படைத்துவிட்டு விடியலில் கிளம்பினோம். முழங்கால் முறிச்சானில் மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். இறங்கும்போது பஸ்தான், முட்டிக்கு இறக்கம்தான் எதிரி!

தோழிகளே, பெரியவங்க ஆசைப்பட்டால் உடனே 'முடியாது' என்காதீங்க. டாக்டரைக் கேட்டு, பழக்கிப் பாருங்களேன்!

- ஒரு வாசகி, காரைக்கால்.