பெல்பொட்டம் மறுபடியும் வந்தது



சில மாதங்களுக்கு முன்பு என் பேர்த்தி இங்கே ரொறன்ரோவில் ஒரு பழைய உடுப்புக் கடையிலிருந்து களிசான் ஒன்று வாங்கி வந்தாள். முழங்கால் வரை ஒட்டி, அதன் கீழ் மணிபோல விரிந்து, பாதத்தை மூடியது. "அப்பப்பா, இப்ப இதுதான் ஸ்ரைல்" என்றாள். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. 1978இல் யாழ்ப்பாணத்தில் என் பதினெட்டு வயதில் இதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிட்டபோது, "தம்பி, தெருக்கூட்டப் போறியோ?" என்று பெரியவர்கள் கேட்டார்கள்.

போன உடுப்பு ஏன் திரும்பி வருகிறது என்பதையே இம்மாதம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

பெல்பொட்டம் நாங்கள் கண்டுபிடித்ததல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கப்பற்படை மாலுமிகள் அடி அகன்ற களிசான் அணிந்தார்கள். தளம் கழுவும்போது மேலே சுருட்டிவிட வசதி என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். 1960களில் மேல்நாட்டு இளைஞர்கள் கப்பற்படையில் மிஞ்சிய உடுப்புகளை மலிவு விலைக்கு வாங்கி அணியத் தொடங்கினார்கள். ஆக, அன்றைக்கும் அது பழைய உடுப்புத்தான். 1970களில் அது உலகம் சுற்றி எங்களிடமும் வந்தது.

எங்களூரில் அது முழுமையாகப் பரவத் துணியும் வேண்டியிருந்தது. 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலம். நல்ல துணி கிடைப்பதே அரிது. அந்த நாளில் காலடியில் துணியை வீணாக்குவதென்றால் வீட்டில் ஏச்சு விழும். 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டபின் பொலியெஸ்டர் துணி கடைகளில் நிறைந்தது. 1979இல் வந்த 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் கமலும் ரஜினியும் போட்ட உடுப்புகளைப் பார்த்துவிட்டு, தையற்காரரிடம் போய் அப்படியே கேட்டவர்கள் எத்தனையோ பேர்.

இனி, திரும்பி வருவதற்கான காரணங்கள்.

முதலாவது, கண்ணுக்கு ஏற்படும் சலிப்பு. ஒடுங்கிய உடுப்பைப் பல வருடம் பார்த்த கண் அகன்றதைத் தேடும். போர்க்காலத்தில் பிரித்தானியாவில் 1941 முதல் 1949 வரை துணிக்குப் பங்கீடு இருந்தது. அந்தக் காலத்துச் சிக்கனப் பாவாடைகளுக்கு நேர்மாறாக, 1947இல் பரிஸில் டியோர் கெஜக்கணக்கில் துணி பிடிக்கும் பாவாடைகளைக் கொண்டுவந்தார். இங்கேயும் காலோடு ஒட்டிய ஜீன்ஸ் பல வருடம் ஆண்ட பிறகுதான் 2020ஐ ஒட்டி அகன்றவை திரும்பின. இடையில் 1990களிலும் ஒருமுறை வந்து போயின.

இரண்டாவது, வயதுக் கணக்கு. ஜேம்ஸ் லேவர் என்ற ஆங்கில உடை வரலாற்றாசிரியர் 1937இல் இதற்கு ஓர் அட்டவணையே எழுதினார். பாணி போய் ஒரு வருடத்தில் அது அசடாகத் தெரியும். பத்து வருடத்தில் அருவருப்பு. இருபதில் கேலிக்குரியது. முப்பதில் வேடிக்கை. ஐம்பதில் பழமையின் அழகு. நாங்கள் போட்டது ஐம்பதை நெருங்கிவிட்டது. பேர்த்திக்கு அது பிடித்ததில் வியப்பில்லை.

மூன்றாவது காரணம் எளியது. யாரோ அதை எறியாமல் வைத்திருந்தார்கள். அம்மாவின் அலுமாரி, அப்பாவின் அல்பம், பழைய உடுப்புக் கடை. பிள்ளைகள் அவற்றில் கண்டெடுத்துத்தான் அணிகிறார்கள்.

இந்த இடத்தில்தான் பேர்த்தி கேட்டாள்: "உங்கடை பழையது ஒண்டும் இல்லையோ?"

இருந்தது. என் அம்மா இரண்டு பெல்பொட்டங்களைத் தகரப்பெட்டியில் பூச்சி உருண்டை போட்டு வைத்திருந்தா. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளிக்கிட்ட இரவு, "இதுகளையும் எடுக்கட்டோ?" என்று கேட்டா. "விசரே அம்மா, ஆர் இனி இதைப் போடப் போகினம்?" என்று நான் சிரித்தேன். லேவரின் கணக்கின்படி அது கேலிக்குரிய காலம். காணி உறுதியையும் பிறப்புச் சான்றிதழ்களையும் அரிசியையும் எடுத்தோம். அடுத்த வருடம் திரும்பியபோது வீட்டில் கூரையும் இல்லை, பெட்டியும் இல்லை. ஸ்ரூடியோவில் எடுத்த படங்களும் அதோடு போயின.

நேயர்களே, உங்களில் பலர் வீட்டிலும் இதுதான் கதை என்பது எனக்குத் தெரியும். மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் அலுமாரி எங்கள் பிள்ளைகளுக்கு இல்லை.

ஆனால் அளவு எனக்கு மறக்கவில்லை. இடுப்பு 28 அங்குலம், முழங்கால் 17, அடி 24. விளிம்பு தேயாமல் இருக்க உட்புறம் ஒரு சிப் வைத்துத் தைப்பார் எங்கள் தையற்காரர். இதைக் கடதாசியில் கீறிக் கொடுத்தேன். என் மனைவி பேர்த்தியின் இடுப்புக்கு மாற்றி வெட்டித் தைத்தா. துணி பழைய பொலியெஸ்டர் அல்ல. ஆனாலும் விரிவு அதேதான். மாரிகாலத்தில் றோட்டு உப்பு விளிம்பில் படியும்போது அந்தச் சிப் உதவுகிறது என்று பேர்த்தி சொல்கிறாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். தாவணியின் நீளம், சட்டைக் கையின் வெட்டு, கொலரின் அகலம் என்று நினைவில் உள்ளதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். கொழும்பிலோ இலண்டனிலோ உள்ள உறவினரிடம் உங்கள் பழைய படம் இருந்தால் ஒரு பிரதி கேளுங்கள். பின்புறத்தில் பெயரையும் வருடத்தையும் குறியுங்கள். "ஆர் இனி இதைப் போடப் போகினம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நான் சொல்லிப் பிழைவிட்டவன்.